வாச்சியின் காம்பு

ஊரோதெப்பா
12 டிசம்பர் 1993

மதிப்புக்குரிய மவ்லுதா அண்ணிக்கு,

கொழுந்தன் ஹோத்தம் சலாம் சொல்லி எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? உங்கள் அண்ணன் சஃபர் வீட்டில் எல்லோரும் நலமா? நிகோராவும் ஷஹ்லோவும் கை கால் சூடாக இருக்கிறார்களா? இங்கே நான் நலம். வீடும் நிற்கிறது, கடையும் நிற்கிறது, மூக்குதான் குளிரில் நிற்க மாட்டேன் என்கிறது.

அடுப்புக்கு எரிவாயு நின்று இரண்டாவது குளிர்காலம். ஊரில் இருக்கிற மரம் எல்லாம் சாய்கிறது. அதனால் என் தொழிலுக்கு மட்டும் யோகம். பழைய கோடரியைத் துரு எடுத்து, சாணை பிடித்து, காம்பு போட்டு வைத்தால் மாலைக்குள் ரொட்டி மாதிரி போய்விடுகிறது. போன வாரம் கழுத்தில் டை கட்டிய எஞ்சினியர் ஒருவர் வந்தார்.

"உஸ்தோ, எனக்குச் சின்னதா ஒண்ணு குடுங்க. பியானோ உடைக்கணும்" என்றார்.

"பியானோவுக்குன்னு தனிக் கோடரி இல்லீங்க ஐயா, வாதாம் மரத்துக்குள்ளது தரேன், அதுவும் பாடும்" என்றேன். சிரித்தார். பிறகு கடை வாசலில் நின்று கொஞ்ச நேரம் அழுதார்.

அண்ணன் ரஜப் வீட்டை விட்டுப் போய்ப் பதினாலு மாதம். உள்நாட்டுச் சண்டை ஓய்ந்த இடங்களில் இருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். நீங்கள் மனதை விட வேண்டாம்.

சும்மா ஒன்று கேட்கிறேன். கூரை வேலைக்கு என்று மலைக்குப் போன அன்று அண்ணன் என்னென்ன தச்சு ஆயுதம் எடுத்துப் போனார்? ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். ஒன்றும் விசேஷம் இல்லை.

கணவாய் பனியில் மூடிவிட்டதால் இதை ரயிலில் போகும் ஒருவர் கையில் கொடுத்திருக்கிறேன். குழந்தைகளை என் சார்பில் முத்தமிடுங்கள்.

ஹோத்தம்

*

துஷன்பே
20 ஜனவரி 1994

தம்பி ஹோத்தமுக்கு,

மவ்லுதா எழுதுவது. உன் கடிதம் முப்பத்து நாலு நாள் கழித்து வந்தது. நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நிகோராவுக்கு இருமல். ஷஹ்லோ தூக்கத்தில் அப்பாவோடு பேசுகிறாள், அதைத் தவிர நலம்.

கேட்டதற்குப் பதில். ஒரு ரம்பம், இழைப்புளி ஒன்று, நூல்குண்டு, பிறகு மரம் செதுக்குகிற வாச்சி. அவர் கல்யாணத்துக்கு நீ செய்து கொடுத்தாயே, அதே கைவாச்சி. அதை அவர் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கூட இரவல் தரமாட்டார் என்று உனக்கே தெரியும். "பொண்டாட்டிய வேணா கேளு, வாச்சியக் கேக்காத" என்று என் எதிரிலேயே சொன்ன மனுஷன்.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. கிளம்புகிற அன்று காலையில் வாச்சியின் காம்பு பிளந்துவிட்டது. அதை அடுப்பில் போட்டுவிட்டு, இரும்பை மட்டும் துணியில் சுற்றிப் பையில் வைத்தார். "மலையில முசுக்கட்டை மரம் இல்லாமலா போச்சு, அங்க போய்ப் போட்டுக்கறேன்" என்றார். நான் அபசகுனம் என்று சொன்னேன். அவர் சிரித்தார்.

இங்கே அண்ணன் சஃபர் ஒரு மாவு மில்லுக்காரரைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறார். பெண்டாட்டி இறந்தவர். "எத்தன நாளைக்கு இப்பிடி ரெண்டுங்கெட்டானா இருப்ப? செத்தவனுக்குத் தொழுக வெச்சிட்டு ஒரு வழியப் பாரு" என்கிறார். நோன்பு முடிந்ததும் உடல் இல்லாமலே ஜனாஸா தொழுகை வைப்பாராம். அதற்குப் பிறகு நான் விதவை. இன்றைக்கு வரைக்கும் மனைவி.

நீ சும்மா கேட்கிற ஆள் இல்லை. ஏன் கேட்டாய்?

மவ்லுதா

*

ஊரோதெப்பா
14 பிப்ரவரி 1994
(எழுதியது, அனுப்பவில்லை)

அண்ணி,

நலம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை. இதை எழுதிப் பார்க்கிறேன். அனுப்புவேனா என்று தெரியாது.

அக்டோபரில், கணவாய் மூடுவதற்கு முன்னால், லாரிக்காரன் கோசிம் வந்தான். மேல் சாலைக் கிராமங்களில் உப்பைக் கொடுத்துப் பழைய இரும்பை வாங்கி வருகிறவன். இரண்டு சாக்கு இறக்கினான். சந்தை முழுக்கக் கூட்டம். கோசிம் வழக்கமாக வாய் ஓயாதவன், அன்றைக்குத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். "ஒண்ணொண்ணா நல்லாப் பாத்து எடு உஸ்தோ, அவசரப்படாத" என்றான். சரக்கின் விலையை ஏற்றப் பார்க்கிறான் என்று நினைத்தேன். "போடா, உன் சாக்குல இருக்கறது எல்லாம் ராஜா வீட்டுக் கோடரியா?" என்றேன். அவன் போய்விட்டான்.

நான் எப்படி வேலை செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும். காம்பை எரித்தெடுக்க அப்படியே தீயில் போட்டால் இரும்பின் தோய்ச்சல், அந்தக் கடினம், போய் ஈயம் மாதிரி ஆகிவிடும். அதனால் முதலில் பழைய காம்பை எல்லாம் தட்டிக் கழற்றுவேன். கழற்றியது அடுப்புக்கு. இரும்புத் தலைகள், துரு இளக, புளித்த மோர்த் தொட்டிக்கு. அன்று குளிர் அதிகம். இருபத்து மூன்று காம்புகளில் கெண்டியில் நாலு தடவை தேநீர் வைத்தேன். கூட இருந்தவர்களுக்கும் ஊற்றினேன், அண்ணி. எல்லோரும் நல்லாயிருக்கு என்றார்கள்.

டிசம்பரில் தொட்டியில் இருந்து ஒரு வாச்சியை எடுத்துத் தேய்த்தேன். துரு போகப்போக ஒரு புள்ளி வந்தது. பக்கத்தில் இன்னொரு புள்ளி. பிறகு சின்னப் பிறை. அந்தப் பிறையை நான்தான் உளியால் அடித்தேன், அவர் கல்யாணத்துக்கு முந்தின நாள்.

செத்தவன் பையில் இருந்து யாரோ எடுத்தது என்றுதான் நினைத்தேன். அதனால்தான் உங்களைச் சுற்றி வளைத்துக் கேட்டேன். இப்போது நீங்கள் எழுதுகிறீர்கள், காம்பு இல்லாமல் போனது என்று. ஆனால் என்னிடம் வந்த வாச்சிக்குக் காம்பு இருந்தது. அப்படியானால் மலையில் யாரோ போட்டிருக்கிறார்கள். அவரா?

அவர் இடது கைக்காரர். அவர் செதுக்கும் காம்பில் கட்டைவிரல் பள்ளம் வலது பக்கம் இராது. ஒரு பார்வை பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. அழுக்குத் துணி சுற்றியிருந்தது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதை அவிழ்க்கக்கூட இல்லை, துணியோடு எரித்தேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று சாம்பல் பீப்பாயைக் கொட்டிச் சலித்தேன். கோடரிகளில் இருந்து விழுந்தது எல்லாம் தடித்த இரும்பு ஆப்பு. அவற்றுக்கு நடுவே இரண்டே இரண்டு லாட ஆணிகள், இரண்டும் கோணல். வாச்சித் துளையில் வைத்துப் பார்த்தேன். அந்தத் துளைக்கு உள்ளவைதான்.

எங்கள் வீட்டில் காம்பை இறுக்க ஆணி அடித்தவன் கிடையாது. மர ஆப்பு, அதுவும் காய்ந்த மரம். ஆணி அடிக்கிறவனைப் பார்த்தால் "போய்ச் செருப்புத் தையி" என்பார் அண்ணன். அதனால் அந்தக் காம்பு அவர் போட்டது இல்லை. யாரோ ஒரு குதிரைக்காரன் போட்டது. அவர் இல்லை, அண்ணி. என் அண்ணன் இல்லை.

இதை எப்படிக் காகிதத்தில் போட்டு அனுப்புவது? சாவுச் செய்தியைக் கடிதத்தில் எழுதினவன் நம்மில் உண்டா? எதிரில் உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்து, பெரியவர்கள் இரண்டு பேர் பக்கத்தில் இருக்கச் சொல்ல வேண்டியது.

*

ஊரோதெப்பா
16 பிப்ரவரி 1994

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

ஹோத்தம் சலாம். நோன்பு நல்லபடி போகிறதா? நிகோராவின் இருமலுக்குச் செம்மறிக் கொழுப்பைச் சூடாக்கி நெஞ்சில் தடவுங்கள்.

நான் சும்மாதான் கேட்டேன். ஆயுதங்களைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிற புத்தி, அவ்வளவுதான். கணவாய் திறந்ததும், மே மாதம், நானே வருகிறேன். நேரில் உட்கார்ந்து எல்லாம் பேசலாம். அதுவரைக்கும் சஃபர் அண்ணனை எதுவும் செய்ய விடாதீர்கள்.

வேறு ஒன்றும் இல்லை.

ஹோத்தம்

*

துஷன்பே
10 மார்ச் 1994

ஹோத்தம்,

உன் உடம்பு நன்றாகத்தான் இருக்கும், கேட்கவில்லை.

"நேரில் உட்கார்ந்து எல்லாம் பேசலாம்" என்று எழுதியிருக்கிறாய். எல்லாம் என்றால் எது? ஒன்றும் இல்லாதவன் மே மாதம் வரைக்கும் எதைப் பொத்தி வைத்திருக்கிறான்?

கணவாய் மூடியிருக்கிறது என்கிறாய். உன் கடிதம் ரயிலில் வருகிறது. கடிதம் வருகிற ரயிலில் மனுஷன் வரக்கூடாதா? உன் வயசு ஆண்களை ரயிலில் இருந்து இறக்கிப் பட்டாளத்துக்குப் பிடித்துப் போகிறார்கள், தெரியும். பயப்படுகிறாய் என்றால் பயம் என்று எழுது. நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் வாயை மூடிக்கொண்டு இருக்காதே.

நானே சொல்கிறேன். வாச்சி உன்னிடம் வந்திருக்கிறது. அதற்காகத்தான் கேட்டாய். சரியா?

நான் கண்ணாடிக் கிண்ணம் இல்லை தம்பி, உடைவதற்கு. பதினேழு மாதமாக ஒவ்வொரு லாரியும் நிற்கும்போது எழுந்து வாசலுக்குப் போகிறேன். மேலே கிராமத்தையே எரித்துவிட்டார்கள், ஆண் ஒருத்தன் மிச்சமில்லை என்று என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அதையே கேட்டுவிட்டேன். உன் வாச்சியைக் கேட்க மாட்டேனா?

ஒன்று மட்டும் சொல். அதற்குக் காம்பு இருந்ததா இல்லையா? காம்பு இருந்தால் அவர் மலை போய்ச் சேர்ந்து, மரம் வெட்டி, உட்கார்ந்து செதுக்கியிருக்கிறார். அவ்வளவு நாள் உயிரோடு இருந்திருக்கிறார். உன் கையில் எடுத்துப் பார்த்தாலே யார் செதுக்கியது என்று தெரிந்திருக்குமே!

நவ்ரூஸ் புத்தாண்டு கழித்து வருகிற இரண்டாவது வெள்ளிக்கிழமை தொழுகை. மாவு மில்லுக்காரர் பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கி அனுப்பிவிட்டார். ஷஹ்லோ போட்டுக்கொண்டாள். குழந்தை, அவளுக்கு என்ன தெரியும்.

மவ்லுதா

*

ஊரோதெப்பா
24 மார்ச் 1994

அண்ணி,

சலாம். நீங்கள் சொன்னது சரி. வாச்சி என்னிடம் இருக்கிறது. மறைத்ததற்கு மன்னியுங்கள்.

காம்பு இருந்தது. முசுக்கட்டை மரம். கட்டைவிரல் பள்ளம் இடது கைக்காரனுக்கு உள்ளது. ஆப்பு மர ஆப்பு. அண்ணன் செதுக்கியதுதான், நான் அடித்துச் சொல்வேன். அவர் மலைக்குப் போன பிறகு உயிரோடு இருந்திருக்கிறார். இதை உங்கள் அண்ணனிடம் வாசித்துக் காட்டுங்கள். இருக்கிறவனுக்கு ஜனாஸா தொழுதால் பாவம் என்று சொல்லுங்கள்.

கொண்டுவந்தவன் கோசிம் என்கிற லாரிக்காரன். சுர்கோப் ஆற்றின் மேல் சாலைக் கிராமங்களில் சரக்கு எடுப்பவன். எந்தக் கிராமம் என்று கேட்கலாம் என்றால் கணவாய் மூடியதில் இருந்து ஆளைக் காணோம்.

தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். நான் வருகிறேன்.

ஹோத்தம்

*

துஷன்பே
8 ஏப்ரல் 1994

என் தங்கத் தம்பிக்கு,

நீ நலமா? உன் கை நலமா? அந்தக் காம்பைத் தொட்டுப் பார்த்த கை நூறு வருஷம் நலமாக இருக்கட்டும்!

உன் கடிதம் தொழுகைக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது சத்தமாக வாசித்தேன். மாவு மில்லுக்காரர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். சஃபர் அண்ணன், "ஒரு மரக்கட்டைய வெச்சிக்கிட்டு என்னடி ஆட்டம்?" என்றார். "உங்களுக்கு மரக்கட்டை, எனக்கு அது அவரோட கை" என்றேன். இத்தனை மாதத்தில் முதல் தடவை வயிறு நிறையச் சாப்பிட்டேன். கேரட் மட்டும் போட்ட சோறுதான், இறைச்சி இல்லை. அப்படி ருசி.

நாளைக்குக் கிளம்புகிறேன். பிள்ளைகளைச் சஃபர் அண்ணன் மனைவியிடம் விட்டுவிட்டேன். மேல் சாலையில் எத்தனை கிராமம் இருந்துவிடப் போகிறது? ஒவ்வொன்றாகக் கேட்பேன். இடது கைத் தச்சன் எங்கே என்றால் யாரும் சொல்வார்கள். ரோந்துக்காரர்கள் பெண்பிள்ளையை என்ன செய்துவிடுவார்கள் என்று நான் யோசிக்கவில்லை, நீயும் யோசிக்காதே.

அந்தக் காம்பைப் பத்திரமாக வை. யார் கையிலும் கொடுக்காதே, எண்ணெய் தடவாதே, துடைக்காதே. திரும்பி வந்து நான் ஒரு தடவை பிடித்துப் பார்க்க வேண்டும்.

உன் அண்ணி மவ்லுதா

*

ஊரோதெப்பா
27 ஏப்ரல் 1994

அண்ணி போகாதீர்கள். இந்தக் கடிதம் வரும்போது நீங்கள் போயிருந்தால் சஃபர் அண்ணன் யாரையாவது அனுப்பித் திருப்பிக் கூட்டி வரட்டும், இதை அவரே படிக்கட்டும், எனக்கு வெட்கம் போய்விட்டது.

நான் எழுதியது பொய். காம்பு இல்லை. அக்டோபரிலேயே எரித்துவிட்டேன், அது யாருடைய வாச்சி என்று தெரிவதற்கு முன்னாலேயே. முசுக்கட்டையா வேறு மரமா, இடது கையா வலது கையா, எதுவும் நான் பார்க்கவில்லை. நல்லாப் பாத்து எடு, அவசரப்படாத என்று கோசிம் சொன்னதைக்கூட நான் கேட்கவில்லை. சாம்பலில் இரண்டு லாட ஆணி கிடைத்தது. கோணல் ஆணி. ரஜப் அண்ணன் ஆணி அடிக்கிறவர் இல்லை. அதைப் போட்டது வேறு யாரோ. அவர் வாச்சி அடுத்தவன் கையில் இருந்தது என்றால் அவர் எங்கே இருக்கிறார் என்று உங்களுக்கே தெரியும்.

அந்தத் தொழுகையை நிறுத்த வேண்டும் என்றுதான் எழுதினேன். நீங்கள் மலைக்குப் போவீர்கள் என்று நினைக்கவில்லை. மேல் சாலையில் இன்னும் சுடுகிறார்கள் என்று நேற்றுச் சந்தையில் பேசினார்கள். பேசினவனின் கோடரிக்கு நான் காம்பு போட்டுக்கொண்டிருந்தேன், சுத்தியலால் என் விரலையே அடித்துக்கொண்டேன்.

அண்ணி, பிள்ளைகளை நினையுங்கள். திரும்பிவிடுங்கள்.

ஹோத்தம்

*

துஷன்பே
11 மே 1994

உஸ்தோ ஹோத்தம் அவர்களுக்கு,

சலாம். சஃபர் எழுதுகிறேன். நலம் விசாரித்து நேரத்தை வீணாக்க விரும்பவில்லை.

உங்கள் கடிதம் வந்தது, பிரித்தேன், படித்தேன். அவள் ஏப்ரல் ஒன்பதாம் தேதியே போய்விட்டாள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, தகவல் இல்லை. மாவு லாரியில் இரண்டாவது சோதனைச் சாவடி வரைக்கும் போனாளாம். அதற்கு மேலே நடந்தாளாம்.

நான் அவளை அடிமையாக்கப் பார்க்கவில்லை. என் வீட்டில் ஒன்பது வயிறு. அந்த மில்லுக்காரர் நல்ல மனுஷன், குழந்தைகளுக்கு மாவு கொடுத்திருப்பார். நான் கல்நெஞ்சக்காரன் என்று ஊர் சொல்கிறது, சொல்லிவிட்டுப் போகட்டும். நான் அவளிடம் பொய் சொன்னதில்லை.

சின்னவள் தினமும் கேட்கிறாள், "அம்மா அப்பாவக் கூட்டியாரப் போயிருக்காங்கல்ல, எப்ப வருவாங்க?" என்று. அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று எழுதி அனுப்புங்கள். உங்களுக்குத்தான் கடிதம் எழுத நன்றாக வருகிறதே.

சஃபர்

*

ஊரோதெப்பா
30 மே 1994

அண்ணிக்கு,

நீங்கள் இதைப் படிப்பீர்களா என்று தெரியாது. படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கணவாய் பத்து நாள் முன்னால் திறந்தது. முதல் லாரியிலேயே ஏறினேன். வாச்சியையும் ஆணிகளையும் இடுப்பில் கட்டியிருந்தேன். மேலே ஏறுவதற்குள் ஒரு சாவடி. வரிசையில் எனக்கு முன்னால் இருந்த இரண்டு பேரை இறக்கிப் பட்டாளத்துப் பச்சை வண்டியில் ஏற்றினார்கள். நான் லாரியின் பின்பக்கமாகக் குதித்து, ஓடைக்குள் படுத்து, நடந்தே வீடு வந்து சேர்ந்தேன்.

பயம், அண்ணி. நீங்கள் எழுதச் சொன்னீர்களே, எழுதிவிட்டேன்.

கடையைத் திறக்கவில்லை. ஒரு வரி போதும். இருக்கிறேன் என்று மட்டும் எழுதுங்கள்.

ஹோத்தம்

*

துஷன்பே
19 ஜூன் 1994

தம்பி ஹோத்தமுக்கு,

உன் மேல் அமைதி உண்டாவதாக. உடம்பு நலமா, வீடு நலமா? நானும் பிள்ளைகளும் நலம். இருக்கிறேன்.

ஜூன் ஆறாம் தேதி திரும்பினேன். சஃபர் அண்ணன் உன்னுடைய இரண்டு கடிதங்களையும் கையில் கொடுத்தார். படித்தேன். இனி நான் சொல்வதை நீ படி.

பதினோரு கிராமம் கேட்டேன். பன்னிரண்டாவது சங்கோப். ஏப்ரல் இருபத்தாறாம் தேதி அங்கே போனேன். நீ "போகாதீர்கள்" என்று எழுதினதற்கு முந்தின நாள். பள்ளிக்கூடத்துக் காவல்காரர் வீட்டுப் பெண் சப்ஸகுல் வாசலில் சாணம் தட்டிக்கொண்டிருந்தாள். இடது கைத் தச்சன் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "மவ்லுதாவா?" என்று கேட்டாள். என் பெயர் அவளுக்குத் தெரிந்திருந்தது, தம்பி.

அவர் அங்கேதான் இருந்தார். போன வருஷம் ஜனவரியில் பாலத்தருகே நடந்த சண்டையில் இடது மணிக்கட்டில் குண்டு துளைத்துப் போயிருக்கிறது. பிழைத்துக்கொண்டார். கை பிழைக்கவில்லை, விரல் மடங்காது. பள்ளிக்கூடத்து விறகுக் கொட்டகையில் அவர்கள் ஒளித்து வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். இறங்கி வர வழியில்லை. குண்டுக் காயத்தோடு ஒரு ஆண் சாவடிக்கு வந்தால் போராளி என்றுதானே பிடிப்பார்கள். கடிதம் கொடுத்தனுப்பவும் வழியில்லை. லாரிக்காரர்களைச் சட்டையைக் கழற்றித் தேடுகிறார்கள், காகிதம் கண்டால் அடி. ஒருவனும் வாங்க மாட்டேன் என்றான்.

செப்டம்பரில் கோசிம் உப்போடு வந்திருக்கிறான். பழைய இரும்பை யார் சோதிக்கப் போகிறார்கள்? அவர் வாச்சிக்குக் காம்பு செதுக்கினார். வலது கையால். மூன்று நாள். மறுபக்கம் சப்ஸகுல் பிடித்துக்கொண்டாள். மர ஆப்பைச் செதுக்க அந்தக் கை ஒத்துவரவில்லை. காவல்காரரிடம் லாட ஆணி வாங்கி அடித்தார். முதல் மூன்று தெறித்துப் போயின, அடுத்த இரண்டு கோணலாக இறங்கின. "ஹோத்தம் பாத்தா என்னச் செருப்புத் தைக்கப் போகச் சொல்லுவான்" என்று சிரித்தாராம்.

பிறகு ஆணி முனையைச் சுடவைத்துக் காம்பில் எழுதினார். மூன்று வரி. அதன் மேல் துணியைச் சுற்றித் தைத்தார்.

அதுதான் கடிதம். நமக்கு அவர் எழுதினது அது ஒன்றுதான்.

கோசிம் கையில் கொடுத்துச் சொன்னது இது: "ஊரோதெப்பா இரும்புச் சந்தையில ஹோத்தம்னு ஒருத்தன். அவன் சாக்குல போட்டுடு, போதும். நீ ஒண்ணும் சொல்லக்கூட வேணாம். எந்த வாச்சியையும் அவன் பாக்காம விடமாட்டான்." கோசிம் பாவம், தன்னால் முடிந்ததைச் சொல்லியிருக்கிறான். அவசரப்படாதே என்று.

குளிர்காலம் முழுக்கச் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாராம். "ஹோத்தம் பாத்திருப்பான். வழி அடைச்சிருக்கு, அதான். பனி கரையட்டும்." நவ்ரூஸுக்கு முன்னால் காயம் மறுபடி திறந்து சீழ் வைத்தது. காய்ச்சல். மருந்து இல்லை. மார்ச் இருபத்தொன்பதாம் தேதி மதியம் போய்விட்டார். நான் போனது இருபத்தெட்டு நாள் கழித்து. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அடக்கம் செய்திருக்கிறார்கள். நாற்பதாம் நாள் கழிந்து, இறங்குகிற லாரி கிடைக்கும் வரைக்கும் அங்கேயே இருந்தேன். முறைப்படி இத்தாவில், துக்கக் காலத்தில், இருக்கிறேன். இப்போது நான் விதவைதான், யாரும் தொழுகை வைத்து ஆக்க வேண்டியதில்லை.

உன் முதல் கடிதம் டிசம்பர் பன்னிரண்டு. "வாச்சி வந்திருக்கிறது" என்று இரண்டு வார்த்தை அதில் இருந்திருந்தால் நான் ஜனவரியில் பனியில் நடந்திருப்பேன். நடந்து செத்திருப்பேனோ என்னவோ. ஆனால் அவர் மார்ச் வரைக்கும் இருந்தார். இதைச் சொல்லக்கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். சொல்லிவிட்டேன். துக்கத்தை நேரில் சொல்ல வேண்டும் என்று நீ மரியாதை பார்த்தாய். அந்த மரியாதையை நான் எந்த அடுப்பில் போடுவது?

நீ சொன்ன பொய்தான் என்னை மலைக்கு அனுப்பியது. அதுவும் உண்மை. பள்ளம் இடது கைக்கு என்றாய், மர ஆப்பு என்றாய், அதில் எதுவும் சரியில்லை. ஆனால் செதுக்கியது அவர்தான் என்றாயே, அது மட்டும் சரி. உனக்குத் தெரியாமல் எழுதிவிட்டாய்.

திரும்பி வரும்போது மூன்று நாள் லாரியில் உட்கார்ந்து ஒன்றையே நினைத்தேன். உன்னிடம் அந்தக் காம்பு இருக்கிறது. ஊரோதெப்பா வந்து, உன் கடையில் உட்கார்ந்து, தையலை நானே பிரிப்பேன். அவர் எழுதினது என்ன என்று படிப்பேன். அந்த நினைப்பில்தான் சாவடிகளைத் தாண்டினேன். வீட்டு வாசலில் வைத்துத்தான் சஃபர் அண்ணன் உன் கடிதத்தைக் கொடுத்தார்.

சப்ஸகுலிடம் கேட்டிருந்தேன், என்ன எழுதினார் என்று. "மூணு வரி அக்கா. எனக்குப் படிக்கத் தெரியாது. ரெண்டாவது வரியில நிறுத்திட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு" என்றாள்.

வாச்சியையும் அந்த இரண்டு ஆணிகளையும் நம்பகமான ஆள் கையில் அனுப்பு. துருவை எடுக்காதே. ஆணியை நிமிர்த்தாதே. காம்பு போடாதே.

நீ வர வேண்டாம். பதிலும் இப்போது வேண்டாம். என்றைக்காவது எழுதினால் மழை, சந்தை, உன் மூக்கு, எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுது. அந்த மூன்று வரியில் அவர் என்ன எழுதியிருப்பார் என்று மட்டும் எழுதாதே.

நீ எழுதினால் நான் நம்பிவிடுவேன்.

மவ்லுதா